பப்பான் கடைவீதி, 74-ஆம் எண் வீடு

கேமரன் மலையிலிருந்து கீழே இறங்க இரண்டு பாதைகள் உண்டு. ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்குப் போவது பழைய பாதை. கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்குவது புதிய பாதை. தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் தீபாவளித் துணி எடுக்கவும், பெரிய மருத்துவமனைக்குப் போகவும் இந்தப் புதிய பாதையில்தான் ஈப்போவுக்கு இறங்குகின்றன. அப்படி ஈப்போவுக்குப் போகும் மாணவர்கள் ஒரே ஒரு முறையாவது இன்னும் கொஞ்சம் தூரம் போய்ப் பார்க்க வேண்டிய ஒரு வீடு இருக்கிறது. ஈப்போவிலிருந்து தென்மேற்கே சுமார் 16 கிலோமீட்டரில், கிளேடாங் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் பப்பான் என்ற சிற்றூரில், பிரதான வீதியில், 74-ஆம் எண் கடைவீடு. அங்கே வாழ்ந்தவர் சிபில் கார்த்திகேசு.

ஒரு மனிதருக்காக ஒரு சிற்றூரே அருங்காட்சியகம் வைப்பது உலகில் புதிதல்ல. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் ராய்ஸ்டன் என்ற சின்ன ஊரில், அங்கு வளர்ந்த பேஸ்பால் வீரர் டை காப்புக்கு ஓர் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. அவர் பெயரைக் கேட்டு வந்தவர்களால்தான் அந்த ஊரின் பெயரும் வெளியே தெரிந்தது. நம் பப்பானும் அப்படிப்பட்ட ஊர்தான். ஆனால், இங்கே நினைவுகூரப்படுபவர் விளையாட்டு வீரர் அல்லர், படைத்தளபதியும் அல்லர். பிரசவம் பார்த்த தாதி. காயத்துக்குக் கட்டுப் போட்டவர்.

பலகை என்று பெயர் கொண்ட ஊர்

மலாய் மொழியில் பப்பான் என்றால் பலகை. ஈயம் கொழித்த காலத்தில் இந்த ஊரின் வீதி முழுக்கக் கடைகளாக இருந்தது. சீனர்களும், சுமத்திராவிலிருந்து வந்து குடியேறிய மண்டாய்லிங் மக்களும் இந்த ஊரை வளர்த்தார்கள். மண்டாய்லிங் தலைவர் ராஜா பில்லாவின் பழைய மாளிகை இன்றும் அங்கே நிற்கிறது. ஈயம் குறைந்த பிறகு மக்களும் குறைந்தார்கள். இன்று வீதியின் இருபுறமும் பார்த்தால், பல கடைவீடுகளில் கூரை இடிந்து, சுவரைப் பிளந்துகொண்டு மரத்தின் வேர்கள் இறங்கியிருக்கும்.

அந்த வரிசையில் 74-ஆம் எண் வீடு மட்டும் ஆள் கவனிப்போடு நிற்கிறது. பெரிய கட்டடம் அல்ல. நுழைவுச்சீட்டு கிழிக்கும் கூடமும் கண்ணாடிப் பேழைகளும் குளிர்சாதன வசதியும் எதிர்பார்த்துப் போகக்கூடாது. மரபுச் சின்னங்களில் ஈடுபாடு கொண்டவர்கள் தங்கள் முயற்சியால் பாதுகாத்து வரும் வீடு இது. எந்நேரமும் திறந்திருக்காது, முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். உள்ளே பழைய புகைப்படங்கள், பத்திரிகைச் செய்திகள், அந்தக் காலத்துத் தட்டுமுட்டுச் சாமான்கள் இருக்கின்றன. வருகிறவர்கள் அதிக நேரம் நிற்கும் இடம் மாடிப்படியின் அடிப்பகுதி. ஒரு வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்த இடம் அது. அந்தப் பெட்டி இருப்பது தெரிந்தால் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் உயிராபத்து என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள, சிபிலின் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

மேடானில் பிறந்தவர்

சிபில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்தார். அப்போது அது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. பிறந்த ஊரையே பெற்றோர் அவருடைய பெயரில் சேர்த்தார்கள்: சிபில் மேடான் டேலி. தந்தை ஜோசப் டேலி, ஐரிஷ் வழிவந்த யுரேசியர். தோட்ட நிர்வாகத்தில் இருந்தவர். தாய் பியாட்ரிஸ் மெட்டில்டா, பிரெஞ்சு வழிவந்த யுரேசியர், மருத்துவச்சி. ஐந்தாவது குழந்தையான சிபில்தான் வீட்டின் ஒரே பெண் பிள்ளை.

மேடானைச் சுற்றியிருந்த டெலி நிலப்பகுதி அந்நாளில் புகையிலைத் தோட்டங்களுக்குப் பேர் பெற்றது. சீனரும் ஜாவாக்காரரும் தமிழரும் அங்கே கூலிக்கு வேலை செய்தார்கள். மேடான் நகரில் தமிழர்கள் குடியிருந்த பகுதி இன்றும் கம்போங் மெட்ராஸ் என்ற பெயரால் அறியப்படுகிறது. ஆக, தோட்டமும் லயமும் கூலியாட்களும் நிறைந்த சூழலில் பிறந்தவர்தான் சிபில்.

தாயின் தொழிலையே மகளும் எடுத்துக்கொண்டார். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். கேன்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசினார். இந்த மொழியறிவைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கு அவள் தாய்மொழியில் ஆறுதல் சொல்லும் தாதி பாதி மருந்துக்குச் சமம். பிற்காலத்தில் சீனர்கள் நிறைந்த ஒரு சிற்றூர் அவரைத் தன் வீட்டுப் பெண்ணாக ஏற்றுக்கொண்டதற்கும், காட்டிலிருந்து வந்தவர்கள் அவரை நம்பியதற்கும் அடிப்படை இதுவே.

ஆறுமுகம் கார்த்திகேசு ஆனார்

சிபில் காதலித்தது ஒரு தமிழ் இளைஞரை. தைப்பிங்கில் 1892-இல் பிறந்த ஆறுமுகம் கணபதிப் பிள்ளை, மருத்துவம் படித்தவர். மாப்பிள்ளை இந்து, பெண் கத்தோலிக்கர் என்பதால் பெண் வீட்டில் முதலில் எதிர்ப்பு இருந்தது. பிறகு தந்தை இணங்கினார். 1919-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் உள்ள செயின்ட் ஜான் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. ஆறுமுகம், ஆப்டன் கிளமென்ட் கார்த்திகேசு என்ற பெயரில் அறியப்பட்டார். டேலி குடும்பத்துப் பெண், திருமதி கார்த்திகேசு ஆனார்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் குழந்தை பிறந்தது. ஆண் பிள்ளை. முதல் உலகப் போரில், 1915-இல், கலிபோலி போர்க்களத்தில் உயிரிழந்த தன் அண்ணன் மைக்கேலின் பெயரைச் சிபில் அந்தக் குழந்தைக்கு வைத்தார். குழந்தை பத்தொன்பது மணி நேரமே உயிரோடு இருந்தது. எத்தனையோ பிள்ளைகளை இந்த உலகத்துக்கு வரவேற்ற கைகளுக்குத் தன் பிள்ளையைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை.

சிபிலின் தாயார் ஒரு வழி சொன்னார். தாம் பிரசவம் பார்த்து, பூடுவில் தங்கள் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்த வில்லியம் பிள்ளை என்ற சிறுவனைத் தத்தெடுத்துக்கொள்ளச் செய்தார். 1921-இல் மகள் ஓல்கா நலமாகப் பிறந்தாள். இரண்டு பிள்ளைகளையும் தாயாரையும் அழைத்துக்கொண்டு அந்த ஆண்டே சிபில் ஈப்போ திரும்பினார். இளைய மகள் டான் ஈப்போவில் 1936-இல் பிறந்தாள்.

1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில், 141-ஆம் எண் கட்டடத்தில் கணவனும் மனைவியும் மருந்தகம் நடத்தினார்கள். இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாதான் அந்தச் சாலை. கணவர் நோயைக் கண்டறிந்தார். மனைவி பிரசவம் பார்த்தார், காயங்களைக் கவனித்தார். பதினைந்து ஆண்டுகள் இப்படியே போயின. வரலாற்றில் எழுதும்படியான எதுவும் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் நடக்கவில்லை. ஆனால், சிபில் தன் தொழிலின் ஒழுங்கைக் கைவரப் பெற்றது அந்த ஆண்டுகளில்தான். வருகிறவர் யாராக இருந்தாலும் கவனி. வந்தவர் யார், என்ன நோய் என்பதை வெளியே சொல்லாதே. எல்லா நல்ல தாதியருக்கும் தெரிந்த இரண்டு விதிகள் இவை. சமாதான காலத்தில் இவற்றைக் கடைப்பிடிக்கப் பெரிய துணிச்சல் தேவையில்லை.

ஜப்பான்காரன் காலம்

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. மூன்று வாரங்களுக்குள் ஈப்போ அவர்கள் கைக்குப் போனது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரும் சரணடைந்தது. ஈப்போ விழுவதற்குச் சில நாள்களுக்கு முன்பே கார்த்திகேசு குடும்பம் பப்பானுக்கு இடம் மாறியிருந்தது.

அந்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றி நம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்போம். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று பசியாறியது, மூட்டை நிறைய வாழைமர நோட்டு இருந்தும் ஒன்றும் வாங்க முடியாமல் போனது, பகலில் கூட ஆண்கள் வெளியே போக அஞ்சியது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் ரயில் பாதை போடுவதற்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1942-க்கும் 1943-க்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடப்பட்டது. போனவர்களில் ஏராளமானோர் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மாண்டு, திரும்பி வரவே இல்லை. சயாம் மரண ரயில் என்ற பெயரே அதைச் சொல்லும்.

சீனர்களை ஜப்பானியர்கள் தனிப் பகையோடு நடத்தினார்கள். சீனாவில் 1937 முதல் நடந்துவந்த போரின் கோபம் மலாயாவிலும் அவர்கள் மேல் இறங்கியது. இளைஞர்கள் பலர் காட்டுக்குள் போய், மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையில் சேர்ந்தார்கள். பப்பானுக்குப் பின்னால் இருந்த மலைக்காடு அவர்களுக்குப் புகலிடம் ஆனது.

காட்டில் காயம் பட்டால் எங்கே போவது? அரசு மருத்துவமனைக்குப் போனால் பிடிபடுவார்கள். துப்பாக்கிக் குண்டுக் காயத்தை எந்தப் பொய் சொல்லியும் மறைக்க முடியாது. அவர்கள் இருட்டில் இறங்கி வந்த இடம்தான் 74-ஆம் எண் வீடு.

பின்கதவு

பப்பான் மக்களுக்கு அந்தக் குடும்பத்தின் மேல் பெரிய பிரியம். டாக்டர் கார்த்திகேசுவுக்கு ஹக்கா மொழியில் ஒரு செல்லப்பெயரே வைத்து அழைத்தார்கள். பகலில் முன்கதவு வழியாக ஊர் மக்கள் வந்தார்கள். காய்ச்சல், புண், சத்துக்குறைவு, பிரசவம். இரவில் காட்டிலிருந்து வந்தவர்களுக்கும் அதே கைகள்தான் வைத்தியம் செய்தன. குண்டு தைத்த காயங்களுக்குச் சிகிச்சை நடந்தது. மருந்துகள் ரகசியமாகக் காட்டுக்குப் போயின. போர்க்காலத்தில் மருந்து எவ்வளவு அரிது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த உதவியின் மதிப்பு புரியும்.

மாடிப்படியின் அடியில் இருந்த வானொலிக்கும் வேலை இருந்தது. சிற்றலை ஒலிபரப்பைக் கேட்கும் அந்தப் பெட்டியில் சிபில் பி.பி.சி. செய்திகளைக் கேட்டார். ஜப்பானியர் நடத்திய பத்திரிகைகளும் வானொலியும் வெற்றிச் செய்திகளை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தன. உலகின் மறுபக்கத்தில் என்ன நடக்கிறது, போர் எந்தத் திசையில் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. கேட்ட செய்திகள் நம்பிக்கையான ஆட்கள் மூலம் வெளியே போயின. பசியில் இருப்பவருக்குச் சோறு எப்படியோ, இருட்டில் இருப்பவருக்கு உண்மைச் செய்தி அப்படி.

இன்று கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் நூறு செய்திகள் வருகின்றன. அவற்றில் எது உண்மை, எது புளுகு என்று பார்க்கக்கூடப் பலருக்குப் பொறுமை இல்லை. ஓர் உண்மைச் செய்தியைக் கேட்பதற்கு உயிரைப் பணயம் வைத்த வீட்டில் நிற்கும்போது, மாணவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெயர்களைக் கேட்டவர்கள்

இப்படி ஓராண்டுக்கு மேல் நடந்தது. 1943-ஆம் ஆண்டு குடும்பத்தினர் கைது செய்யப்பட்டார்கள். விசாரணை நடத்தியது கெம்பித்தாய் எனப்பட்ட ஜப்பானிய இராணுவப் போலீஸ்.

அவர்களுக்கு வேண்டியது பெயர்கள். யார் வந்தார்கள்? எங்கிருந்து வந்தார்கள்? யார் மருந்து கொண்டுபோனார்கள்? வானொலிச் செய்தி யார் யாருக்குப் போனது? சிபில் ஒரே ஒரு பட்டியலைச் சொல்லியிருந்தால் அவருடைய வேதனை அன்றே குறைந்திருக்கலாம். பப்பான் வீதியில் பல வீடுகள் அன்றே வெறிச்சோடியிருக்கும்.

அவர் சொல்லவில்லை. அடித்தார்கள், சூட்டுக்கோல் வைத்தார்கள், விரல்களைச் சிதைத்தார்கள். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு நடமாட முடியாமல் போனார். கணவரை அவர் கண்ணெதிரே சித்திரவதை செய்தார்கள். கடைசியில் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். சின்னஞ்சிறு டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினார்கள். விசாரணையை நடத்திய சார்ஜன்ட் யோஷிமுரா என்பவன், தாய் பேசுவாளா மகள் எரிவாளா என்று பார்க்க நின்றான். அப்போதும் பெயர்கள் வரவில்லை. வேறொரு ஜப்பானிய அதிகாரி குறுக்கிட்டதால் குழந்தை உயிர் பிழைத்தாள்.

இந்த இடத்தில் நின்று ஒரு கேள்வி கேட்பது நியாயம். தான் பெற்ற குழந்தையின் உயிரைவிட, யாரோ சிலருடைய பெயர்கள் பெரியவையா? முதல் பிள்ளையைப் பத்தொன்பது மணி நேரத்தில் பறிகொடுத்த தாய் அவர். குழந்தையின் உயிர் என்ன விலை என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் காப்பாற்றிய பெயர்களுக்குப் பின்னாலும் தாய்மார்கள் இருந்தார்கள், குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் சிலருக்குப் பிரசவம் பார்த்ததே அவராகத்தான் இருக்க வேண்டும். இதற்குச் சரியான விடை எது என்று வெளியே இருந்து தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதி இல்லை. கேள்வியின் பாரத்தை உணர்ந்தால் போதும்.

சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதித்து, பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். போர் முடிந்த பிறகு யோஷிமுரா விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றான்.

லானார்க்கும் ஈப்போவும்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சிறையிலிருந்து வெளியே வந்த சிபிலின் உடல் பாழாகியிருந்தது. சிகிச்சைக்காக அவரை விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே மருத்துவமனைக்கும் ஓய்வுக்கும் இடையில் தன் அனுபவங்களை எழுதத் தொடங்கினார். நோ டிராம் ஆஃப் மெர்சி என்ற தலைப்பில் அந்த நூல் 1954-இல் லண்டனில் வெளிவந்தது. அச்சில் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

வீரத்துக்காக அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. இந்தப் பதக்கத்தைப் பெற்ற ஒரே மலாயாப் பெண் அவர். பதக்கம் கிடைத்த சில மாதங்களில், 1948-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், 48-ஆவது வயதில் பிரிட்டனில் காலமானார். விசாரணையின்போது ஒரு பூட்ஸ் கால் உதைத்ததில் தாடையில் ஏற்பட்ட பழைய காயமே நஞ்சாகி, இரத்தத்தில் கலந்து உயிரைக் கொண்டுபோனது. ஸ்காட்லாந்தின் லானார்க் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள்.

அவர் இறந்து நான்கே நாள்களில், ஜூன் 16-ஆம் நாள், பேராக்கின் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போரிட்ட படையைக் கம்யூனிஸ்டுகள்தான் நடத்தினார்கள். நேற்றுவரை கூட்டாளிகளாக இருந்தவர்களைப் பிரிட்டிஷ் அரசு இப்போது பகைவர்களாகத் தேடியது. சிபில் கட்டுப் போட்ட கைகளில் சில மறுபடியும் துப்பாக்கி ஏந்தியிருக்கக்கூடும். இதனால் சிபிலின் சேவைக்கு மதிப்புக் குறைந்துவிடுமா? அவர் பார்த்தது காயத்தை. காயத்துக்குக் கட்சி கிடையாது. வரலாற்றுப் பாடத்தில் நண்பன், பகைவன் என்ற சொற்கள் எவ்வளவு வேகமாக இடம் மாறும் என்பதற்கு இந்த நான்கு நாள்களைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

1949-இல் அவருடைய உடல் ஸ்காட்லாந்திலிருந்து மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஈப்போவில் மக்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள். செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கத்தோலிக்க மயானத்தில், அவர் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றிய அதே புரூஸ்டர் சாலையில், மீண்டும் அடக்கம் செய்தார்கள். விடுதலைக்குப் பிறகு ஈப்போ ஃபேர் பார்க் பகுதியில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், அவருடைய 117-ஆவது பிறந்த நாளில், கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து வைத்தது. அன்றுதான் நம் இளையோரில் பலர் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள்.

மலைக்கு மேலே ஒரு வேலை

பப்பானில் அந்த வீடு தப்பியது எப்படி? சுவர் பலமாக இருந்ததால் அல்ல. பக்கத்து வீடுகளின் சுவர்களும் அதே காலத்துச் சுவர்கள்தான். இங்கே இன்னார் வாழ்ந்தார், இன்னது செய்தார் என்று தெரிந்த சிலர் இருந்தார்கள். அதை எழுதி வைத்தார்கள், வருகிறவர்களுக்குச் சொன்னார்கள். சிபிலே தன் கதையை எழுதி வைத்ததும் பேருதவியாக அமைந்தது. எழுதப்படாமல் போயிருந்தால் 74-ஆம் எண்ணும் இன்று வேர் பிடித்த சுவராக இருந்திருக்கும்.

இப்போது மலைக்கு மேலே திரும்பிப் பார்ப்போம். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். காடு வெட்டி, சரிவைத் திருத்தி, கன்று நட்டவர்களில் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ரிங்லெட், சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று தேயிலை பரவிய இடமெல்லாம் லயங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் எழுந்தன. இன்று சுற்றுலாப் பயணிகள் பச்சைச் சரிவுகளைப் படம் பிடித்துக்கொண்டு, சுடச்சுடத் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்தச் சரிவில் வாழ்ந்தவர்களின் கதையை எழுத வேண்டியவர்கள் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்தாம்.

தோட்டம் என்றால் துரையும் கிராணியும் தண்டலும் மட்டும் அல்லர். தோட்டத்து மருந்தகத்தில் ஒரு டிரஸ்ஸர் இருந்தார். கொழுந்து பறிக்கும்போது அட்டை கடித்த காலுக்கும், கத்தி வெட்டிய விரலுக்கும் அவர்தான் வைத்தியர். பனி கொட்டும் இரவில் லயத்துக் கதவைத் தட்டினால் எழுந்து வரும் மருத்துவச்சி ஒருவர் இருந்தார். தாய்மார்கள் மலையேறிய பிறகு ஆயா கொட்டகையில் கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டிய கிழவி ஒருவர் இருந்தார். இவர்களுக்குப் பதக்கம் இல்லை, சாலை இல்லை. பேரப்பிள்ளைகளின் நினைவில் மட்டுமே இருக்கிறார்கள். அந்த நினைவும் ஒவ்வொரு இறப்போடும் கொஞ்சம் குறைகிறது.

படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் வரலாற்றுப் பாடத்துக்காகச் செய்யும் இடுபணிக்கு இதையே எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் இருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தது யார்? ஜப்பான்காரன் காலத்தில் நம் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள்? சயாமுக்குப் போனவர்கள் யார், திரும்பி வந்தவர்கள் யார்? பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்து, பிறகு உட்கார்ந்து எழுதுங்கள். பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் விடாமல் குறியுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால், எந்தத் திருவிழாவுக்கு முன்னால், எந்தப் பிள்ளை பிறந்த பிறகு என்று கேட்டால் வந்துவிடும். பழைய புகைப்படம் கிடைத்தால் படம் எடுத்துக்கொண்டு, அதில் இருப்பவர்களின் பெயர்களை உடனே எழுதிவையுங்கள். பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் ஒரு படி மேலே போய், பத்துப் பதினைந்து பேரிடம் கேட்டுத் தொகுக்கலாம். ஓர் அறை, நாலு படம், ஒரு நோட்டுப்புத்தகம் இருந்தால் அருங்காட்சியகம் தொடங்கிவிடலாம். பப்பானில் இருப்பதும் அதைவிட அதிகப் பெரியது இல்லை.

ஜப்பானியர் சிபிலிடம் பெயர்களைக் கேட்டபோது, சொல்லாமல் இருந்ததால் உயிர்கள் தப்பின. இப்போது காலம் மாறிவிட்டது. நம் தோட்டத்து டிரஸ்ஸரின் பெயரும் மருத்துவச்சியின் பெயரும் சொன்னால்தான் தப்பும். அடுத்த விடுமுறையில் ஈப்போவுக்கு இறங்கினால் பப்பான் வரை போய்வாருங்கள். அதற்கு முன்னால், இந்த வாரக் கடைசியில், உங்கள் தோட்டத்துப் பழைய மருந்தகம் இன்னும் நிற்கிறதா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்.